பையைத் தூக்கிக்கொண்டு போனவன்

பிள்ளைகள் வளர்ந்து ஆளான பிறகு, பல வருஷம் கழித்து நான் எழுதிய முதல் கதை அது. இதுவும் தேறாவிட்டால் எழுத்தைத் தலைமுழுகிவிடுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் முதுகலை வகுப்பின் கதைப் பட்டறைக்கு பஸ் ஏறினேன்.

கதை சின்னது. கணவன் மனைவிக்குள் சண்டை. அவன் உடுக்கிற சாரனையும் சவரச் சாமானையும் பையில் திணித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போகிறான். அவள் கேற்றைச் சாத்திவிட்டு மீன் கழுவ உட்காருகிறாள்.

கொழும்பிலிருந்து வரும் விரிவுரையாளர் உதட்டைப் பிதுக்கினார். "நம்புற மாதிரி இல்லையே. சண்டை வந்தா பொம்பளைதானே பெட்டி கட்டுவா? அவளை வெளியே அனுப்புங்க."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. எங்கள் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்கு. கல்யாணத்தோடு அவள் பேருக்கு எழுதிவிடுவார்கள். மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். அவள் தன் வீட்டைவிட்டு எங்கே போவாள்? வகுப்பில் பாதிப்பேர் கல்முனை, சாய்ந்தமருது ஆண்கள். எல்லாரும் அன்று காலை மனைவி வீட்டில் தின்றுவிட்டு வந்தவர்கள். ஒருவராவது எடுத்துச் சொல்வார் என்று பார்த்தால், எல்லார் வாயிலும் கொழுக்கட்டை.

எங்களோடு படிக்க வந்து பக்கத்தில் இருந்த ஒரு பள்ளிக்கூட உப அதிபர் மட்டும் வாய் திறந்தார். "சேர் சொல்றது சரி. இப்படியெல்லாம் நடக்கிறல்ல." உள்ளூரிலேயே பிறந்து வளர்ந்த மனிசன் அவர்.

வீட்டுக்கு வந்து, சொன்னபடியே மாற்றினேன். அவள் கையில் பையைக் கொடுத்து றோட்டில் நிறுத்தினேன். அடுத்த வரி வரவில்லை. அந்தக் கிழமை ஏழு நாளும் அங்கேயே நின்றாள், சனியன். நல்லாயிருந்த கதையை நானே கெடுத்துவிட்டேனே என்று ஆத்திரத்தில் அழுகை வந்தது.

அடுத்த வகுப்பன்று தேத்தண்ணிக் கடையில் உப அதிபரைப் பிடித்தேன். "நம்மட ஊர் வழமை உங்களுக்குத் தெரியாதா சேர்? ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"தெரியும் டீச்சர். ஆனா மாத்துறதுதான் நல்லம்."

"என்ன நல்லம்? மாத்திப் பாத்தன், கதை செத்துப்போச்சு."

அவர் கடைக்காரர் தூரத்தில்தான் நிற்கிறாரா என்று பார்த்துக்கொண்டார். "நான் இப்ப தங்கச்சிட வீட்ட இரிக்கன். பையோட வந்து ரெண்டு மாசமாச்சு. மச்சான் ஒண்டும் கேக்கல்ல. முன் அறையில பாய் போட்டுத் தந்திரிக்காரு. இங்க ஒருத்தருக்கும் தெரியா."

என் கோபமெல்லாம் இறங்கிவிட்டது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் வாயெடுத்தேன். வந்தது வேறு.

"பையோட வெளிய வந்ததும் முதல்ல எந்தப் பக்கம் நடந்தீங்க, சேர்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எழுதப் போறீங்களா?"

"ஓம்," என்றேன்.