சீட்டுக் குலுக்கிய கோச்சு

எளாவூர் அணி ஐந்தாவது கோலைப் போட்டதும் பூபதி கத்துவதை நிறுத்திவிட்டார். அதுவரை கோட்டோரமாகக் கத்திக்கொண்டே ஓடித் தொண்டை கட்டியிருந்தது. ஆனால் அவரை ஊமையாக்கியது தொண்டை அல்ல, அந்தக் கோல் விழுந்த விதம். எதிரணிப் பையன் ஒருவன் நம் இடப்பக்கமாகப் பந்தைக் காலால் உருட்டிக்கொண்டு வந்தான். இடது ஓரம் காத்த தேசப்பன் அவனோடு ஒட்டி ஓடினான், நன்றாகத்தான் ஓடினான். பையன் சட்டென்று நடுப்பக்கம் திரும்பியதும் தேசப்பன் நின்றுவிட்டான். கால் வழுக்கவில்லை, மூச்சும் வாங்கவில்லை. அடுத்த வீட்டு வேலிவரை ஆட்டை விரட்டிவிட்டு நிற்பவனைப் போல நின்றான். பின்வரிசையின் நடுவில் நின்ற தாமோதரனோ, பந்து இன்னும் தன் எல்லைக்குள் வந்து சேரவில்லை என்கிற தோரணையில் இடுப்பில் கை வைத்திருந்தான். இருவருக்கும் இடையில் ஒரு மாட்டுவண்டி போகலாம். பந்து போனது.

திரும்பி வந்த வேன் பழவேற்காட்டில் நின்று இறங்கும்போது கோல்கீப்பர் அர்ஷத் வெடித்தான்.

"எனக்கு முன்னாடி நாலு பேர் நிக்கிறானுங்கோ. நாலு பேரும் கல்யாண ஊட்டு வாசல்ல நிக்கிற மாதிரி வாங்க வாங்கன்னு வழி உடுறானுங்கோ. நான் ஒத்த ஆளு இன்னாதான் பண்றது கோச்சு?"

பூபதி பந்துப் பையை வேனிலிருந்து இறக்கித் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்.

பழவேற்காடு ஏரிக்கரையிலிருக்கும் நடுத்திட்டுக் குப்பத்தில் பூபதி என்று கேட்டால் எந்தப் பூபதி என்பார்கள். கோச்சு என்றால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். பைபர் படகுகளின் இன்ஜினைப் பிரித்து மாட்டுவது அவர் தொழில். சோறு போட்டது அந்த வேலைதான். ஆனால் சவுக்குத் தோப்புக்குப் பின்னாலிருக்கும் மணல்வெளியில், கழுத்தில் விசில் தொங்க, விரலில் கிரீஸ் கறை போகாமல் நிற்கும்போதுதான் அவர் முதுகு நிமிரும். இளவயதில் முன்வரிசையில் ஆடியவர். எதிரே நிற்பவனைத் தாண்டிப் போவது அவருக்குக் கைவந்த கலை. தாண்ட வருபவனை நிறுத்தும் வேலையை ஒரு நாளும் செய்ததில்லை. அவர் பழக்கிய பையன்களும் அப்படித்தான் வந்தார்கள். மூன்று கோல் போடுவார்கள், நாலு வாங்குவார்கள்.

பின்வரிசைக்கு யாரை எங்கே நிறுத்துவது என்பதில் ஊரே மெச்சிய வழக்கம் ஒன்றைப் பூபதி வைத்திருந்தார்.

ஏரியில் இறாலுக்கு வலை கட்டும் இடத்தைப் பாடு என்பார்கள். இறால் கொட்டும் பாடும் உண்டு, ஈரக் கையோடு திரும்பும் பாடும் உண்டு. எது யாருக்கு என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு எடுக்கும். அடுத்த முறை இடம் மாறும். ஒருவன் பாட்டில் இன்னொருவன் வலையை இறக்கினால் ஊர் முன்னால் வந்து நின்று பதில் சொல்லியாக வேண்டும். தண்ணீருக்கு வேலி போட முடியாத ஊரில் இத்தனை காலம் மண்டை உடையாமல் இருப்பது இந்த ஏற்பாட்டால்தான்.

அதையே பூபதி மைதானத்துக்குக் கொண்டுவந்தார். காரணம் தாமோதரன். அவன் பூபதியின் மனைவி ஜமுனாவின் தம்பி. முதல் வருஷம் அவனைப் பின்வரிசையின் நடுவில் நிறுத்தியபோது ஊர் சும்மா இருக்கவில்லை. "மச்சானுக்கு நடு, மத்தவனுக்கு ஓரமா?" என்று டீக்கடையில் கேட்டார்கள். நடுவில் நிற்பவனுக்குத்தான் கைதட்டல். ஓரத்தில் நிற்பவனுக்கு ஓட்டம் மட்டுமே. அதன்பின் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் டிபன் பாக்ஸில் சீட்டைப் போட்டுக் குலுக்கினார். நாலு பேர், நாலு இடம். பயிற்சியின்போது மணலில் கயிறு கட்டி, "உன் கயித்துக்குள்ள வந்தா உன் பொறுப்பு" என்றார். மனத்தாங்கல் அன்றோடு ஒழிந்தது. கோச்சு நியாயஸ்தன் என்று பெயரும் வந்தது.

எளாவூரில் தோற்ற மறு ஞாயிறு சாயங்காலம், மீன் ஏலம் விடும் கொட்டகையில் கிளப் கூடியது. பொங்கலுக்குக் காட்டூரில் போட்டி. அதற்குள் ஒரு முடிவு தெரிந்தாக வேண்டும். தேசப்பனையும் தாமோதரனையும் நீக்குவது, இல்லையென்றால் பொன்னேரியிலிருந்து ஒரு விளையாட்டு வாத்தியாரைக் கூட்டிவந்து பூபதியின் விசிலை அவரிடம் கொடுப்பது. வாத்தியார் வரத் தயார் என்ற சேதி பூபதியின் காதுக்கும் எட்டியிருந்தது.

"கோச்சு சரியில்லியா, ஆடறவன் சரியில்லியா? இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாவணும்," என்று தலைவர் தங்கவேல் தொடங்கிவைத்தார்.

"கோச்சு பாவம்பா. வெளிய நிக்கிறவரு ஓடிப்போயா தடுப்பாரு? உள்ள நிக்கிற பேமானிங்கள கேளு."

"சொல்லிக் குடுத்தாதானே செய்வானுங்கோ? இன்ஜின் ஸ்டார்ட் ஆவலன்னா இன்ஜின கேப்பியா, மெக்கானிக்க கேப்பியா?"

"அவரு பாத்த இன்ஜினே பாதி ஸ்டார்ட் ஆவல!"

கொட்டகை சிரித்தது. பூபதியும் சிரிப்பது போல வாயை வைத்துக்கொண்டார்.

தங்கவேல் தேசப்பன் பக்கம் திரும்பினார். "உன் முன்னாடிதானே பந்து போச்சு. ஏன்டா நின்ன?"

தேசப்பனுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "இன்னாண்ணே இப்படிக் கேக்கற? அந்தாண்ட தாமு இடம். அவன் எல்லையில நான் பூந்தா, யாரக் கேட்டு பூந்தன்னு நீயேதான் மொத ஆளா கேப்ப."

மறுபடியும் சிரிப்பு எழுந்து, பாதியிலேயே அடங்கியது. அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருமே ஏரியில் அப்படித் தன் எல்லையோடு நின்று பழகியவர்கள்.

தாமோதரன் எழுந்தான். "போன மேட்ச்சு நான் ஓரம். இந்த மேட்ச்சு நடு. அடுத்தது எங்கன்னு எனக்கே தெரியாது. ஒரு இடம் காலுக்குப் பழகறதுக்குள்ள சீட்டு மாறிடுது. நாங்க இன்னா பண்ணுவோம்?"

"சீட்டு நீதானே போட்ட, பூபதி?" என்றார் தங்கவேல்.

"நியாயமா இருக்கட்டும்னுதான்..." என்று தொடங்கினார் பூபதி.

ஏரியில் ஒருவன் வலைக்குத் தப்பிய இறால் பக்கத்துக்காரன் வலையில் விழும். ஊருக்கு நஷ்டமில்லை. அதனால் அங்கே தன் எல்லையோடு நிற்பதுதான் மரியாதை. மைதானத்தில் இரண்டு பேருக்கு நடுவே தப்பியது கோலில்தான் போய் விழும். பந்தோடு வருகிறவன் அந்த இடைவெளியைத் தேடித்தானே வருகிறான்? அவர் ஆடிய காலத்தில் அவரே அப்படித் தேடியவர்தான். அப்படிப்பட்டவருக்கு இது தெரியாமலா போயிற்று?

தெரியும். அதுதான் உள்ளே குத்தியது. தேசப்பன்தான் நடுவில் நிற்க வேண்டியவன் என்பது முதல் வருஷமே தெரியும். டீக்கடையில் கேட்டது பொய்யில்லை. வீட்டில் ஜமுனாவின் முகம் வாடக் கூடாதென்றுதான் தாமுவை நடுவில் வைத்தார். ஊர் கேட்டபோது அதைத் திருத்தியிருக்கலாம். திருத்தினால் வீடு கோபிக்கும், திருத்தாவிட்டால் ஊர் கோபிக்கும். சீட்டுப் போட்டால் யாரும் அவரைக் கோபிக்க முடியாது. பெயர் நியாயம். காரியம் என்னவோ பழி தன்மேல் விழாமல் ஒதுங்கிக்கொண்டதுதான். இப்போதும் வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி இரண்டு பையன்களின் தலையோடு போய்விடும்; விசில் தங்கும்.

"பாதி தப்பு இவனுங்களுது," என்றார் பூபதி. "ரெண்டடி தள்ளிப் பந்து போவுது. கால நீட்டறதுக்குச் சீட்டு இன்னாத்துக்கு? அதுக்கு நான் பொறுப்பில்ல. மீதி என்னுது. யாரு எங்க நிக்கணும்னு எனக்கு மொதல்லேர்ந்தே தெரியும். சொல்றதுக்குத்தான் தைரியம் வர்ல."

"இப்ப சொல்லு."

"நடுவுல தேசப்பன். தாமு எடது ஓரம். இனிமே மாறாது."

"மாமா!" தாமோதரனின் குரல் உடைந்தது. "ஊர் முன்னாடி என்னை ஓரங்கட்டறியா? நல்லா இரு." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

தங்கவேல் தாடையைத் தடவினார். "காட்டூர் வரைக்கும் விசில் உன்கிட்டயே இருக்கட்டும். அங்கயும் அஞ்சு வாங்கினா, வாத்தியாருதான்."

சேதி பூபதிக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்திருந்தது. "சோறு பானையில கீது. எடம் பாத்து உக்காந்து நீயே போட்டுக்கோ. எடம் காட்டறதுலதான் நீ கெட்டிக்காரனாச்சே," என்று சொல்லிவிட்டு ஜமுனா அம்மா வீட்டுக்கு நடந்தாள்.

தாமோதரன் சில நாள் பயிற்சிக்கு வரவில்லை. பிறகு வந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தான். பூபதி கயிறுகளைச் சுருட்டிப் படகுக்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தார். "பந்து எங்க கீதோ அங்க ரெண்டு பேரு. முட்டிகினாலும் பரவால்ல, பக்கத்துல கீறவன் பாத்துக்குவான்னு மட்டும் நெனைக்காதீங்கோ," என்றார். முட்டிக்கொண்டார்கள். தேசப்பனின் உதடு கிழிந்தது. அடுத்தவன் இடத்தில் நுழையும் ஒவ்வொரு முறையும் நாலு பேரும் ஒரு கணம் தயங்குவதைப் பூபதி பார்த்தார். அந்தத் தயக்கம் அவர்களுடைய அப்பன் பாட்டன் காலத்துச் சொத்து. அதைத் திட்டி விரட்ட அவருக்கு மனம் வரவில்லை. திரும்பத் திரும்ப ஓடவைத்தார்.

காட்டூரில் முதல் பாதியில் கோல் விழவில்லை. இரண்டாம் பாதியில் ஒரு காட்டூர்ப் பையன் இடப்பக்கமிருந்து உள்ளே திரும்பினான். தாமோதரன் நிற்கவில்லை. கூடவே உள்ளே பாய்ந்தான். தேசப்பனும் வந்தான். இருவருமாக அடைத்துவிட்டார்கள். பையன் தலையைத் தூக்கிப் பார்த்து, தாமோதரன் விட்டுவந்த ஓரத்துக்குப் பந்தைத் தள்ளினான். அங்கே வந்த இன்னொருவன் அடித்தான். அர்ஷத் தாவினான், விரல் நுனி பட்டும் பந்து நிற்கவில்லை. அந்த ஒரு கோலோடு ஆட்டம் முடிந்தது. ஒன்றுக்குச் சைபர்.

ஊர்க்காரர்கள் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார்கள். "ஓரத்த யாருப்பா காலியா உட்டது?" என்று தங்கவேல் கேட்டார். எல்லாக் கண்ணும் தாமோதரன் மேல் போயின. அவன் பூபதியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான்.

"நான்தான்," என்றார் பூபதி. "உள்ள ஓடச் சொன்னது நான். ஓடினவன் இடத்துக்குப் பின்னால யாரு வரணும்னு சொல்லிக் குடுக்கல. அவன் சரியாத்தான் பண்ணான்."

"எப்ப சொல்லிக் குடுப்ப?"

"நாளைக்கு."

"வாத்தியாருக்கு நான் போன் பண்ணிக்கிறேன். அலைய வேணாம்னு சொல்லிடறேன்," என்றபடி தங்கவேல் வேன் டிரைவரைத் தேடிப் போனார்.

தாமோதரன் காலுறையை உருவிக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல் பேசினான். "தேசா வந்திருக்கணும். நான் உள்ள போனதும் அவன் அந்தப் பக்கம் வந்திருக்கணும்."

"நீ கூப்டியா?" தேசப்பன் சீறினான். "கூப்டாம எனக்கு இன்னா ஜோசியமா தெரியும்?"

"உனக்குக் கண்ணு இல்ல?"

"கண்ணு பந்து மேல இருந்துச்சுடா, உன் மூஞ்சி மேலயா வெப்பாங்கோ?"

வேன் ஹாரன் அடித்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை. யார் எங்கே ஓடியிருக்க வேண்டுமென்று மணலில் ஆளுக்கொரு விரலால் கோடு கிழித்து, ஒருவன் கிழித்ததை இன்னொருவன் அழித்துக்கொண்டிருந்தான். பூபதி விலக்கிவிடப் போகவில்லை.