கறளுக்கு மேல் வெள்ளிப் பெயின்ற்

இந்த ஜேர்மன் கிராமத்தில் இலையுதிர்காலம் தொடங்கினால் அயலவர்கள் சுகம் விசாரிப்பதில்லை. எண்ணெய் நிரப்பியாயிற்றா என்றுதான் விசாரிப்பார்கள். வீட்டைச் சூடாக்கும் எண்ணெய், கெல்லர் என்கிற நிலவறையில், பெரிய இரும்புத் தாங்கிக்குள் கிடக்கும். மேலே மனிதர் நித்திரை, கீழே ஒரு குளம் எண்ணெய். எங்கள் தாங்கி வீட்டை வாங்கும்போதே கிழடு. இந்த முறை அதன் அடிப்பக்கத்தில் துருப்பிடித்துக் கறள் பொருக்குப் பொருக்காக எழும்பியிருந்தது.

மகள் சுபாவுக்கு மார்கழியில் தலைப்பிள்ளை. பிள்ளை பெற்றதும் தாய் வீட்டுக்குத்தான் வருவாள் என்று சம்பந்தி வீட்டாரிடம் அடித்துச் சொல்லியிருந்தேன். பத்தியக் கறிக்குச் சரக்குத்தூள்கூட ஊரிலிருந்து வந்துவிட்டது.

"இஞ்சேருங்கோ, ஆரையும் கூப்பிட்டுக் காட்டுங்கோ."

"நீர் சும்மா இரும். தீவார் காணாத கறளே?" என்றார் என் வீட்டுக்காரர்.

உண்மைதான், புங்குடுதீவில் பிறந்த எங்களுக்குக் கறள் புதிதல்ல. உப்புக்காற்று பூட்டையும் தின்னும், வாளியையும் தின்னும். அதற்கு எங்கள் ஆட்கள் கண்டுபிடித்த மகத்தான வைத்தியம் ஒன்றுதான். திருவிழா வந்தால் பெயின்ற், பொங்கல் வந்தால் பெயின்ற். சுரண்டுவதில்லை, கழுவுவதில்லை. சனம் பார்க்கிற அன்றைக்கு வாசல் கேற் பளபளத்தால் போதும். மழைக்குத் தோல் தோலாய் உரிந்தால் அதற்கு மேல் இன்னொரு பூச்சு. சில கேற்றுகளில் இரும்பைவிடப் பெயின்ற்தான் தடிப்பு. இப்போது உள்ளே ஆட்களே இல்லாத வீடுகளுக்கும் லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் உத்தரவு பறக்கிறது. எங்கள் பூட்டிக்கிடக்கும் வீட்டுக் கேற்றுக்கு, பக்கத்துத் தீவான வேலணையில் இருக்கும் என் அண்ணைதான் ஆள் பிடித்துப் பூசுவிப்பார்.

அந்த ஞானத்தோடு என் வீட்டுக்காரர் கெல்லருக்குள் இறங்கினார். தாங்கிக்கும் அதன் கால்களுக்கும் வெள்ளி நிறப் பெயின்ற். சந்தனப் பொட்டு ஒன்றுதான் குறை. எண்ணெய் நிரப்ப வந்தவன் இறங்கிப் பார்த்துவிட்டு, "மிக அழகு" என்றான். இவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "நானேதான் பூசினேன்" என்று வேறு சொன்னார். முகம் அசையாமல் ஜேர்மன்காரன் புகழ்ந்தால் அது புகழ்ச்சி அல்ல என்பது இத்தனை வருடமாகியும் இந்த மனிதருக்குப் பிடிபடவில்லை. வந்தவன் குனிந்து அடிப்பக்கத்தில் விரலை வைத்து அழுத்தினான். பெயின்ற் தோலாய்க் கழன்றது; பின்னாலேயே எண்ணெய் கசிந்தது. உள்ளே தண்ணீர் தேங்கி, தகடு உள்ளேயிருந்தே அரித்துப்போயிற்று, இதற்குள் ஒரு சொட்டும் விடமாட்டேன் என்று குழாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். மிச்ச எண்ணெயையும் வேறு ஆட்கள் வந்து உறிஞ்சி எடுத்தார்கள். புதுத் தாங்கி தை கழிந்துதான் வருமாம்.

"என்ர பூச்சைப் பார்த்து அவனுக்கு எரிச்சல்" என்றார் இவர்.

சுபாவுக்குப் பெண்பிள்ளை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சம்பந்தி வீட்டுக்குப் போனாள். "உங்கட வீடு குளிரெண்டு சுபா சொன்னவ. இஞ்ச இருக்கட்டும், எங்களுக்கென்ன கரைச்சல்?" என்று சம்பந்தியம்மா தேனாய்ச் சொன்னா. விருந்தாளியைப் போலக் கதிரை நுனியில் இருந்து பேத்தியைத் தூக்கினேன். சரக்குத்தூளைச் சம்பந்தியம்மாவின் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அழுகையை விட ஆத்திரம்தான் வந்தது.

வீட்டில் கோட்டைக்கூடக் கழற்றாமல் இருந்தபோது, அண்ணை புங்குடுதீவில் எங்கள் கேற்றடியில் நின்று வீடியோவில் வந்தார்.

"பொங்கலுக்குக் கேற் பூசியாச்சு. பார் பிள்ளை, எப்பிடி மின்னுது!"

"கீழ்ப்பக்கத்தை ஒருக்கா அமத்திப் பாருங்கோ, அண்ணை."

"ஏன்?"

"அமத்துங்கோவன்."

பெருவிரலால் அமத்தினார். விரல் அந்தப் பக்கம் போய்விட்டது. ஓட்டைக்குள்ளால் முற்றம் தெரிந்தது. வாசற்படி வரைக்கும் பற்றை.

"பழசுதானே பிள்ளை, திரும்பப் பூசினால் சரி" என்றார் அண்ணை.

"ஓம், அடுத்த முறை ரெண்டு பூச்சாய் அடிப்பியுங்கோ" என்றார் என் தோளுக்குப் பின்னால் நின்ற வீட்டுக்காரர்.

கைபேசியை அணைத்தேன். அங்கே ஒரு வீடு, இங்கே ஒரு வீடு, இரண்டிலும் பூச்சுக்குக் குறைவில்லை. என் பேத்தி சம்பந்தி வீட்டில் நித்திரை கொள்கிறாள்.