சுகந்தி மேடம் மூடிய ஏரிக்கரைச் சாலை

கம்பெனி பஸ் ஓட்டுநர்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் செய்தி வந்தது. ‘ஜாம்’, ‘ஃப்ரீ’ என்ற இரண்டு சொற்களைத் தாண்டி அதிகம் பேசாத குழு அது. “சுகந்தி மேடம் தவறிட்டாங்க. மாரடைப்பு” என்று ஓட்டுநர் நாகராஜ் போட்டிருந்தார்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் போக்குவரத்துப் பிரிவில் அவருக்கு அடுத்த மேசை என்னுடையது. மேடம் ஊத்துக்கோட்டைக்காரர்; எந்த ஓட்டுநரையும் ‘நைனா’ என்றுதான் அழைப்பார். வந்த புதிதில் எங்கள் சாலைகளின் ஒத்திகை மாதிரி ஒன்றைக் கணினிக்குள் வரைந்தார். அதில் ஊரும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு பஸ். ஒவ்வொன்றுக்கும் நிஜ ஓட்டுநரின் பெயர். “பாருங்க, நாகராஜ் இன்னிக்கும் ஏரிக்கரைப் பக்கம் திரும்பிட்டாரு!” என்று அலுவலகமே கேட்கச் சிரிப்பார்.

சிரிப்புக்குப் பின்னால் விஷயம் இருந்தது. ஷிப்ட் விட்டதும் யாராவது ‘ஏரிக்கரை ஃப்ரீ’ என்று குழுவில் போடுவார்கள். உடனே பாதி பஸ்கள் அந்தக் குறுகலான சாலைக்குள் புகும். மறுமுனையில் மெயின் ரோட்டில் ஏற முட்டிமோதும்போது இரண்டு சாலைகளுமே நின்றுவிடும். உள்ளே தொழிலாளர்கள் பசியோடு உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் ஏரிக்கரையை மூடினால் எல்லோரும் சீக்கிரம் வீடு சேரலாம் என்று, மூடியும் திறந்தும் ஓட்டிப் பார்த்தபோதெல்லாம் கணினி திரும்பத் திரும்பக் காட்டியது.

இதைக் கேட்டதும் நாகராஜ் எகிறினார். “இன்னா மேடம், இருக்கிற ரோட்டையும் மூடிட்டா ஊடு போய்ச் சேர்றது எப்டி? பேஜாரு பண்ணாதீங்க.”

“நைனா, நீங்க ஒருத்தர் பூந்தா அது குறுக்கு வழி. எல்லாரும் பூந்துக்கினா அதுவும் மெயின் ரோடுதான். ஒரு வாரம் மூடிப் பாப்போம். தேறலன்னா நான் வேலைய உட்டுட்டுப் போறேன்.”

வெறும் வீம்பில்லை அது. அந்த வேலையை நம்பித்தான் அவர் குடும்பமே இருந்தது. ஏரிக்கரைச் சாலை முனையில் கேட் போட்ட முதல் நாள் எல்லா வசவும் அவருக்கே விழுந்தது. அசரவில்லை மனுஷி. வாரம் முடிவதற்குள் பஸ்கள் தேங்காமல் ஓடத் தொடங்கின. நாகராஜே அலுவலகத்துக்கு டீ வாங்கி வந்தார். மேடம் திரையில் அவருடைய புள்ளியைக் காட்டி, “இப்பதான் நைனா நேராப் போறீங்க” என்றார்.

அவர் குடியிருந்த பகுதிக்கான மயானம் ஏரிக்கரைச் சாலையில்தான் இருக்கிறது. இறுதி ஊர்தி வந்து சேர்ந்தது சரியாக ஷிப்ட் விடும் நேரம். அவருக்காகக் கேட்டைத் திறந்தார்கள். மெயின் ரோட்டில் பஸ்கள் வழிவிட்டு நின்றன. முதல் பஸ்ஸில் நாகராஜ். ஊர்தி உள்ளே போன பிறகும் கேட் திறந்தேதான் கிடந்தது. ஒரு பஸ்கூடத் திரும்பவில்லை. குழுவிலும் யாரும் ‘ஃப்ரீ’ என்று போடவில்லை.

போய் வாருங்கள், மேடம். ஏரிக்கரை இன்று உங்களுக்கு மட்டும்.