ரெஸ்பெக்டட் சார் வேண்டாம்

முப்பத்தொரு லட்சம். இந்த எண்ணை நினைவில் வையுங்கள். 2005இல், பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில், ஆயிஷா பீவி கேட்ட ஒரே கேள்விக்கு இன்டர்நெட் காட்டிய பக்கங்கள் அத்தனை. ஒன்றுகூட அவருக்கு உதவாது.

திரையைப் பார்த்த பிரவீணா தலையில் அடித்துக்கொண்டாள். அந்த சென்டரில் வேலை பார்த்தவள் அவள். அரும்பாவூர்க்காரி. அம்மா வெங்காயக் காட்டில் களையெடுத்து பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படிக்கவைத்தார். வாய் மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்தது. வருகிறவர்கள் எல்லோரோடும் சண்டை.

"ரயில் எப்ப வரும்னு கத எழுதாத. ரயில் பேரு, ஊரு பேரு, போதும்" என்பாள். "பின்கோடு கேக்க எதுக்குடா ப்ளீஸ்? அது என்ன ஒன் மாமனாரா?"

ஆயிஷா பீவி ஒற்றை விரலால் இங்கிலீஷில் தட்டியிருந்தது இதுதான்: "ரெஸ்பெக்டட் சார், இந்தக் கம்பெனி நல்ல கம்பெனியா என்பதைத் தெரிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்த லீவு லெட்டர் பாணி. வந்து விழுந்ததும் லீவு லெட்டர் மாதிரிகள்தான்.

"இது கலெக்டர் ஆபீஸ் மனுநாள் இல்லக்கா. கும்புடு போட்டா கும்புடுதான் திரும்பி வரும்."

"மரியாத இல்லாம கேட்டா எப்புடிம்மா சொல்லும்?"

அந்த அம்மாவைக் குறை சொல்லிப் பயனில்லை. வாயைத் திறக்கும் முன் குனிய வேண்டும் என்று ஊரையே பழக்கி வைத்திருக்கிறார்கள், நாற்காலியில் உட்கார்ந்தவர்கள்.

ஆயிஷா பீவிக்கு லப்பைக்குடிக்காடு. அவருடைய கணவர் நசீருதீன் வெள்ளிக்கிழமை ஷார்ஜாவுக்குக் கிளம்புவதாக இருந்தது. எண்ணெய்க் கம்பெனியில் பைப் வேலை என்று சொல்லி விசா ஏற்பாடு செய்தவன் ஏஜெண்ட் செல்லதுரை. இதற்கு முன்னால் ஒரு ஏஜெண்ட், டிரைவர் வேலை என்று அவரை அனுப்பிவிட்டுப் பாலைவனத்தில் ஒட்டகம் மேய்க்க விட்டான். அந்த மனிதர் எலும்பும் தோலுமாகத்தான் வீடு திரும்பினார்.

"இன்னொரு தடவ அப்புடி மாட்டுனா உசுரோட வர மாட்டாரு புள்ள" என்றார் ஆயிஷா பீவி.

பிரவீணா விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். "சார் வேணாம். பணிவு வேணாம். கம்பெனி பேரு மட்டும். ரெண்டு பக்கமும் கொட்டேஷன் போட்டா, அந்தப் பேரு அப்படியே முழுசா இருக்குற பக்கந்தான் வரும்."

வந்தவை எல்லாம் ஆள் பிடிக்கும் விளம்பரங்கள். அவற்றில் திரும்பத் திரும்ப வந்த ஒரு சொல்லுக்கு முன்னால் மைனஸ் போட்டுத் தட்டினாள். விளம்பரங்கள் ஒழிந்தன. மிச்சம் எதுவும் இல்லை.

"அப்ப பொய்யா?"

"அவசரப்படாதீங்க. சின்னக் கம்பெனின்னா இதுல இல்லாமயும் போவும். ஏஜெண்டு குடுத்த தாள்ல கம்பெனி போன் நம்பர் இருக்கா?"

இருந்தது. அதையும் கொட்டேஷனுக்குள் அடைத்தாள். முப்பத்தொரு லட்சம் போய், ஒரே ஒரு பக்கம் வந்தது. ஷார்ஜாவில் ஒரு தையல் கடை.

"பர்தா தைக்கிற கடக்கா. இதுல எங்க பைப்பு மாட்டுவாரு?"

"யா அல்லா!"

அந்த நேரம் பார்த்து செல்லதுரை உள்ளே வந்தான். சென்டர் முதலாளிக்கு அவன் மச்சான்.

"யாருக்கு என்னத்தத் தட்டுற?"

"ஒங்க எண்ணெய்க் கம்பெனியத்தான் சார். அது துணி தைக்குதாம்."

"அது கம்பெனி பி.ஆர்.ஓ. சம்சாரத்தோட கட. அவசரத்துக்கு அந்த நம்பரக் குடுத்திருக்காங்க. இப்ப என்னாங்குற?"

"எண்ணெய்க் கம்பெனிக்குச் சொந்தமா ஒரு போன் கெடையாதா?"

"வாய் ரொம்ப நீளுது. நாளையிலேருந்து வேலைக்கு வராத. வெங்காயம் உரிக்கப் போ."

"போறேன். வெங்காயம் உரிச்சாத்தான் கண்ணு எரியும். ஒம்மூஞ்சியப் பாத்தாலே எரியுது."

சொல்லிக்கொண்டே பிரிண்ட் பட்டனை அமுக்கினாள். ஆயிஷா பீவியின் கணவருக்கு மட்டுமல்ல, அவரோடு கிளம்பும் பதிமூன்று பேருக்கும் ஆளுக்கொரு தாள்.

வெள்ளிக்கிழமை லப்பைக்குடிக்காட்டில் போய் நின்றாள். ஜும்மா முடிந்ததும் வேன் வந்தது. தாளை ஒவ்வொருவர் கையிலும் திணித்து, எங்கே கிடைத்தது, எப்படிக் கிடைத்தது என்று சொன்னாள். செல்லதுரை அதே பி.ஆர்.ஓ. கதையை எடுத்துவிட்டான். படித்தவர்கள் படித்தார்கள். மற்றவர்கள் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள்.

"கம்ப்யூட்டரு என்னா வேணா சொல்லும் தங்கச்சி, விசா கையில இருக்குல்ல" என்றார் ஒருவர்.

"ஒட்டகத்துக்கிட்ட காட்டுங்கண்ணே அந்த விசாவ" என்று கத்தினாள் பிரவீணா. யாரோ சிரித்தார்கள். வேன் கதவு திறந்தது.

ஆயிஷா பீவி மட்டும் நசீருதீனின் பெட்டியை வேன் கூரையிலிருந்து கீழே இழுத்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"பொட்டி வராது மச்சான். தனியாப் போறதுன்னா போங்க."

நசீருதீன் வேனைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மனைவிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். செல்லதுரை அவருடைய பாஸ்போர்ட்டைத் தெருவில் விசிறிவிட்டு வண்டியை எடுக்கச் சொன்னான்.

வேனில் போனவர்கள் பதிமூன்று பேர்.