வாக்களிக்காத செயலாளர்

என் சித்தப்பா குடிநீர் வாரியத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தார். எந்தத் தெருவுக்கு எந்த வால்வை எத்தனை மணிக்குத் திறப்பது என்ற பதிவேடு அவர் பொறுப்பு. குழாய் உடைந்தாலன்றி அந்த நேரத்தில் ஒரு நிமிடத்தைக்கூட மாற்ற விட்டதில்லை. ஓய்வு பெற்ற பின் நகர மரபு மன்றத்தின் செயலாளரானார். பழைய கட்டடங்களை இடிப்பதையும் தெருப்பெயர்களை மாற்றுவதையும் எதிர்த்து மனு எழுதுவது அம்மன்றத்தின் வேலை. நூலகத்தின் மரக்கதவை எடுத்துவிட வந்த அதிகாரிகளை ஏழு மனுக்களால் களைப்படைய வைத்தார். வீட்டிலும் அப்படித்தான். சோபா இடம் மாறினால் சித்தி காரணம் சொல்ல வேண்டும்.

குடும்ப ஏட்டில் அவருக்கான பக்கத்தை எழுதுவதற்காக மன்றத்தின் கூட்டக் குறிப்பேட்டையும், அவருடைய கடிதங்களையும், சித்தி சொன்னவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரே ஒருவர் சொல்லை மட்டும் நம்பி எழுதும் இடத்தில் அது யார் சொன்னது என்று குறித்திருக்கிறேன்.

மன்றத்தில் அவருக்கு மிக நெருக்கமானவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். அவருடைய தாத்தா வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர். முகத்தைப் பார்த்தாலே தெரியும். மன்றம் தொடங்கிய நாளிலிருந்து அவர் உறுப்பினர். நூலக மனுக்களில் நான்கு அவர் எழுதியவை.

பிறகு மருந்துக்கடைக்காரர் சேர்ந்தார். சுறுசுறுப்பானவர், மரியாதை தெரிந்தவர். ஐந்தாறு பேர் வந்து கொட்டாவி விட்டுப் போகும் கூட்டத்தில் ஒரே ஆண்டில் இருபது பேருக்கு மேல் உட்கார வைத்தார். அவர்தான் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார்: உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் தாத்தாவின் இனத்தையும் பிறந்த ஊரையும் முப்பது நாளுக்குள் படிவத்தில் எழுதித் தர வேண்டும். இந்த மண்ணின் இனத்தவர் அல்லாதவரையும், படிவம் தராதவரையும் நீக்க வேண்டும்.

தீர்மானத்தைக் கொடுக்க வீட்டுக்கே வந்தார். சித்தி அங்கேயே துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"சார், பழசக் காப்பாத்தணும்னு நீங்க சொல்றீங்க. நானும் அதத்தான் சொல்றேன்."

"நான் கதவப் பத்திப் பேசுறேன் தம்பி. நீங்க ஆளப் பத்திப் பேசுறீங்க."

"கதவச் செஞ்சது யாரு சார்? நம்ம ஆளுங்க. நம்ம இரத்தமே இல்லாமப் போயிட்டா கதவ வெச்சு என்ன பண்றது?"

"இரத்தத்த ஆஸ்பத்திரியில பாப்பாங்க. நாப்பது வருஷமா இருக்குற மனுஷன வெளிய அனுப்புறதுதான் இங்க புதுசு. நான் புதுசுக்கு எதிரி."

"அப்ப ஓட்டுல பாத்துக்கலாம் சார்."

சித்தப்பா தாளைப் படித்தார். "ஏழு நாள் முன்னறிவிப்பு போதாது. விதிப்படி இருபத்தொரு நாள் வேணும். தேதிய மாத்திக் குடுங்க" என்று திருப்பித் தந்தார்.

அவர் போன பின் சித்தி கேட்டார்: "ஏங்க, அந்தத் தப்போடவே விட்டிருந்தா செல்லாமப் போயிருக்குமே?"

"தப்புன்னு தெரிஞ்சும் வாங்கி வெச்சுக்கச் சொல்றியா?"

கூட்டம் நடந்த நாளில் மன்றத் தலைவர் மருத்துவமனையில் இருந்தார். தலைவர் இல்லாதபோது செயலாளர் கூட்டத்தை நடத்த வேண்டும். நடத்துகிறவருக்கு வாக்கு இல்லை. வாக்குகள் சமமானால் தீர்மானம் விழும். இவை மன்ற விதிகள்.

கூட்டம் நடக்கவிருந்த நூலகத்தின் படிக்கட்டில் கண்ணாடிக் கடைக்காரர் அவரைப் பிடித்து நிறுத்தினார்.

"எண்ணிப் பாத்துட்டேன். ஒண்ணுலதான் நிக்குது. இன்னைக்கு ஒரு நாள் கையத் தூக்கிடுய்யா."

"ஆரம்பத்துலேர்ந்து இருக்குற விதி அது."

"அத எழுதினதே நான்தான்யா."

குறிப்பேட்டில் இருப்பது இது: ஆதரவு பன்னிரண்டு, எதிர்ப்பு பதினொன்று, தீர்மானம் நிறைவேறியது. சித்தப்பாவின் கையெழுத்தில் ஓர் அடித்தல் திருத்தல் இல்லை.

படிவத்தை நேரில் கொடுக்க வேண்டும் என்பதும் விதிதான். மறுநாள் மதியம் கடைக்குப் போனார். அங்கே நடந்த பேச்சைச் சித்தப்பாவே சித்தியிடம் சொல்லியிருக்கிறார்.

"மருந்துக்கடைக்காரன் மேல எனக்குக் கோவம் இல்லய்யா," என்றார் நண்பர், படிவத்தைப் பிரிக்காமலே. "அவன் நேத்து வந்தவன். என் பொண்ணு விஷயத்துல நீ என்ன சொன்ன?"

அதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன் சித்தப்பாவின் மகன், எனக்குத் தம்பி முறை, அவர் மகளை மணக்க விரும்பினான். சித்தப்பா நண்பருக்குக் கடிதம் எழுதி மறுத்துவிட்டார். அந்தக் கடிதத்தின் பிரதி என்னிடம் இருக்கிறது: "நம் குடும்பத்தில் அந்த வழக்கம் இல்லை. இதில் வெறுப்பு ஏதுமில்லை."

"வழக்கம் இல்லன்னு சொன்னேன்."

"நீ கடுதாசியில சொன்னத அவன் படிவமா அச்சடிச்சுட்டான். வேறென்ன?"

"ரெண்டும் ஒண்ணு இல்லய்யா."

"உனக்கு இல்ல. வெளிய நிக்கிறவனுக்கு ஒண்ணுதான். வாங்கிட்டேன்னு எங்க கையெழுத்துப் போடணும்?"

சித்தப்பாவின் சொந்தப் படிவம் ஒரு மாதம் சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தது. அவருடைய தாத்தா நான்கு தெரு தள்ளிப் பிறந்தவர். எழுத அரை நிமிடம் போதும். "எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா இருங்களேன்" என்று சித்தி இரண்டு முறை சொன்னார். அவர் தட்டை வைக்க அதை நகர்த்தினார். சாப்பிட்டபின் பழைய இடத்திலேயே வைத்தார்.

முப்பத்தோராம் நாள் உறுப்பினர் பதிவேட்டில் இரண்டு பெயர்களை நீக்கினார். முதலில் நண்பரின் பெயர், அடுத்து தன் பெயர். காரணம் இரண்டுக்கும் ஒன்றே: படிவம் தரப்படவில்லை. பதிவேட்டையும் அலமாரிச் சாவியையும் மருந்துக்கடையில் ஒப்படைத்தார். அந்த மனிதர் உண்மையாகவே கலங்கிப்போய், "உங்கள யாரு சார் போகச் சொன்னா?" என்றாராம்.

இதைக் குடும்பத்தில் சிலர் தியாகம் என்கிறார்கள். தம்பி ஒப்புக்கொள்வதில்லை. "அப்பா விதிப்படி தோத்தாரு, விதிப்படி வெளிய வந்தாரு. கைய மட்டும் தூக்கல" என்கிறான். திருமணக் கடிதத்தை ஏட்டில் சேர்க்க வேண்டாம் என்று இருவர் கேட்டுக்கொண்டார்கள். முழுவதையும் படியெடுத்துச் சேர்த்துவிட்டேன்.

சாவியைக் கொடுத்த கையோடு சித்தப்பா கண்ணாடிக் கடைக்கு நடந்தார்.

"பேர அடிச்சுட்டேன். என்னோடதையும் சேத்து."

"என் பேரையும் நீயேவா அடிச்ச?"

"செயலாளர் வேற யாரு இருக்கா?"

நண்பர் சிரித்தாராம். சந்தோஷச் சிரிப்பு இல்லை என்று சித்தி விளக்கினார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காரு, கால் வலிக்கும்" என்றார். கடை அடைக்கும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மகளைப் பற்றிய பேச்சு வரவில்லை. வந்திருந்தால் சித்தப்பா சித்தியிடம் சொல்லியிருப்பார்.