ராஜகிரி மேல் அண்ணன் பார்த்த ஒளி

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இத்தகைய பக்கங்களைக் கண்ணீரோடு எழுதுவதுதான் வழக்கம். எனக்கும் கண்ணீர் இல்லாமல் இல்லை. ஆனால் அண்ணனைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒரு பெரிய சேதி இருக்கிறது. அதை நினைத்தாலே இன்னும் கை பரபரக்கிறது. அவருடைய வாழ்க்கையை முறையாகச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன். பொறுமை இல்லாதவர்கள் நடுவில் தாவிப் படித்தாலும் அண்ணன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அண்ணன் தளவானூரில், கடலை பயிரிடும் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். மழை எங்கள் அப்பாவுக்கு, அதாவது நைனாவுக்கு, கைகொடுத்த வருடங்களைவிட ஏமாற்றிய வருடங்களே அதிகம். படிப்பில் கெட்டிக்காரராக இருந்தும் அண்ணன் ஐ.டி.ஐ.யோடு நிறுத்திக்கொண்டார். செஞ்சியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு சொந்தமாகவே கடை வைத்தார். அந்த வருமானத்தில்தான் நான் இயற்பியல் படித்து ஆசிரியை ஆனேன். படிக்க வைத்த தங்கை காலமெல்லாம் தன்னையே எதிர்த்து வாதாடப் போகிறாள் என்று அப்போது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

கடையில் வேலை கற்றுக்கொண்டிருந்த வயதில், ஒரு மாலை, கிணற்று மோட்டார் ஒன்றை மாட்டிவிட்டு அண்ணன் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தார். எங்கள் ஊருக்குக் கிழக்கே ஏரிக்கரை. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. அப்போது ராஜகிரிக் கோட்டைக்கு மேலே எலுமிச்சம்பழம் அளவில் ஒரு வெள்ளை ஒளி அசையாமல் நின்றது. பிறகு அது வலப்பக்கமாக நகர்ந்து, கிருஷ்ணகிரிக்கு மேலே போய் மறுபடி நின்று, அணைந்துவிட்டது. சத்தம் எதுவும் இல்லை.

மறுநாள் டீக்கடையில் இதைச் சொல்ல ஆரம்பித்தார். பாதி சொல்வதற்குள் மொத்தக் கடையும் சிரித்துவிட்டது. அண்ணன் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். மீதிக் கதையை வீட்டில் என்னிடம் மட்டும் சொன்னார். ஒளி நின்றபோது ஏரித் தண்ணீர் கண்ணாடிபோல் இருந்ததாம், இரண்டு மலைகளும் தலைகீழாகத் தெரிந்தனவாம், ஆனால் அந்த ஒளி மட்டும் தண்ணீரில் இல்லையாம். இதை வேறு யாரிடமும் சொல்லாதே என்றார். நானும் சொல்லவில்லை.

அந்தச் சிரிப்பிலிருந்து பிறந்ததுதான் மன்றம். கடைப் பலகையில் “மோட்டார் காயில் கட்டித் தரப்படும்” என்பதற்குக் கீழே “பறக்கும் தட்டு மற்றும் அமானுட ஆய்வு மன்றம்” என்று அண்ணன் எழுதி வைத்த நாளில், அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஊரார் அதைப் பேய்க்கடை என்றார்கள். அண்ணனுக்கு அந்தப் பெயரும் பிடித்திருந்தது. ஸ்டுடியோ வைத்திருக்கும் வேலு முதலில் வந்தார். மேல்சித்தாமூரிலிருந்து கடலை வியாபாரி நேமி ஐயா வந்தார். சமணரான அவர் பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார் என்பதால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களில் போண்டா முதலில், பேய் பிறகு.

விதிகளை அண்ணனே வகுத்தார். பார்த்ததாகச் சொல்லி வருகிறவரைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது. சிரித்தவர் அடுத்த கூட்டத்துக்குப் போண்டா வாங்க வேண்டும். சாட்சிக்கு முதலில் டீ, பிறகு ஒரு தாள். பேசுவதற்கு முன் வரைய வேண்டும். அவர் வாயில் நம் வார்த்தையைத் திணிக்கக் கூடாது. ஒற்றைச் சாட்சி மட்டும் இருந்தால் கேஸ் எடுக்கவே கூடாது. ஒவ்வொரு கேஸிலும் “இது ஒன்றுமில்லை” என்று நிரூபிப்பதற்காகவே ஓர் எதிர்க்கட்சி இருக்க வேண்டும். முடிவையும் எதிர்க்கட்சியேதான் வெளியே வந்து அறிவிக்க வேண்டும். அந்தப் பதவி எனக்கு வந்தது. முதல் கூட்டத்திலேயே சிரித்துப் போண்டா வாங்கிய பெருமையும் எனக்கே.

என்னென்ன கேஸ்கள்! பனைமரத்தில் கண் சிமிட்டிய பிசாசு, கூகை ஆனது. வயலுக்கு மேல் சுற்றிய பறக்கும் தட்டு, கல்யாண வீடியோ எடுக்கும் ட்ரோன் ஆனது. அதை விட்டதே நம் வேலுதான். ஒரு வீட்டுக் கூரையில் மாலைதோறும் கல் விழுந்தது. புதிதாக வந்த மருமகளின் கிரகம்தான் காரணம் என்று அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பப் பெட்டியே கட்டிவிட்டார்கள். அண்ணன் எதிர்வீட்டு மாடியில் போய் உட்கார்ந்து, கோட்டையிலிருந்து இறங்கி வரும் குரங்குகளைப் படம் பிடித்து வந்து காட்டினார். பெட்டியை அவிழ்த்தார்கள். அந்தப் பெண் இன்று வரைக்கும் பொங்கலுக்கு அண்ணி வீட்டுக்குக் கரும்பு கொடுத்தனுப்புகிறாள்.

இப்படி ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டே போனோம். வேடிக்கை என்னவென்றால், அண்ணனுடைய ஒளியை மட்டும் மன்றம் தொடவே இல்லை. பார்த்தவர் அவர் ஒருவர்தான். ஒற்றைச் சாட்சி. தன் கேஸைத் தன் விதியே வாசலில் நிறுத்தி வைத்திருந்தது. விதியைக் கொஞ்சம் தளர்த்தலாமே என்று நேமி ஐயா ஒருமுறை கேட்டுப் பார்த்தார். அண்ணன் மறுத்துவிட்டார். ஆனால் ராஜகிரி கண்ணில் படும்போதெல்லாம் அவர் கழுத்து தானாக நிமிர்வதை நான் கவனித்திருக்கிறேன். அவர் வாழ்நாளில் வேண்டியது அது ஒன்றுதான்: அந்தக் கதையை என்னைத் தவிர இன்னொருவராவது முழுக்கக் கேட்க வேண்டும்.

பிறகு சிறுநீரகம் கைவிட்டது. டயாலிசிஸுக்காக விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் அலைச்சல். அந்த நேரம் பார்த்துத்தான் தொண்டூர்ப் பக்கம் வானத்தில் விளக்குகள் வரிசையாகப் போனதாக ஊரே திரண்டது. டி.வி.க்காரர்கள்கூட வந்தார்கள். பறக்கும் தட்டு என்று அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே பிரபலம் ஆகியிருப்பார். படுக்கையில் இருந்தபடி போனில் விசாரித்து, அவை செயற்கைக்கோள்கள் என்று சொல்லிவிட்டார். வேலுவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் முறைப்படி விசாரிக்க வேண்டும் என்று அண்ணன் எங்களைத் தொண்டூருக்கு அனுப்பினார்.

அங்கே எல்லாரும் வரிசை விளக்குகளை வரைந்தார்கள். தேவகி அம்மாள் என்ற முதியவர் மட்டும் இரண்டு மலைகளை வரைந்தார். ஒன்றின் மேல் ஒரு வட்டம், அதிலிருந்து வலப்பக்கம் ஒரு கோடு, அடுத்த மலையின் மேல் இன்னொரு வட்டம். தாளைப் பக்கத்தில் இருந்த வேலுவிடம் திருப்பிக் காட்டினேன். இது போன வாரம் வந்தது இல்லையே என்றேன்.

“அத்த எல்லாருந்தான் பாத்தாங்களே, அத்த இன்னாத்துக்கு வரையறது. இது நான் பாத்தது. கல்யாணத்துக்கு முந்தி, எங்க ஊரு ஏரியில எருமை கழுவிட்டிருந்தேன்” என்றார்.

எந்த ஊர் என்று கேட்டேன், தளவானூர் என்றார். அதே ஏரி. தண்ணீரைப் பற்றிக் கேட்க என் நாக்கு துடித்தது. கேட்டால் விதி உடையும். என் வார்த்தை அவர் வாய்க்குள் போய்விடும். வேறு என்ன ஞாபகம் இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் நிதானமாக டீயை முடித்தார், தம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

“மலை தண்ணியில தெரிஞ்சுதும்மா. அது மட்டும் தெரியல” என்றார்.

நான் எதிர்க்கட்சி என்பதையே ஒரு கணம் மறந்துபோனேன். டீக்கடைக் கதை அவர் காதுக்கு எட்டியிருந்தாலும் தண்ணீர் அதில் கிடையாது. அன்று எல்லாரும் பாதியில் சிரித்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

ஆனால் விசாரணை முடியும்வரை ஒரு சாட்சியைப் பற்றி இன்னொரு சாட்சியிடம் மூச்சு விடக் கூடாது. அண்ணனும் இப்போது சாட்சி. டாக்டரோ, இனி நாட்கள் அதிகம் இல்லை என்று அண்ணியிடம் சொல்லியிருந்தார். சேதியை நெஞ்சில் வைத்துக்கொண்டு அவருக்குக் கஞ்சி ஊட்டுவது பெரிய கொடுமை. ஓடிப்போய்ச் சொல்லிவிடலாமா என்று நான் துடித்தபோது அண்ணிதான் தடுத்தார். பாதி நிரூபித்த சேதியை அவர் காலணாவுக்கும் மதிக்க மாட்டார் என்றார். அண்ணனை என்னைவிட நன்றாக அறிந்தவர் அவர்.

ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அந்தக் கரையிலிருந்து பார்த்தால், மலைக்கு மேல் நிற்கும் எதுவுமே தண்ணீரில் தெரியாதோ? அப்படி இருந்தால் கேஸ் அங்கேயே முடிந்தது. சோதிக்க, மாலையில் அதே இடத்தில் நிற்கும் வெளிச்சம் ஒன்று வேண்டும். அமாவாசை முடிந்து மூன்றாம் பிறைக்காகக் காத்திருந்தோம். மேகம் வராமல் இருக்க வேண்டுமே என்று நாத்திகரான வேலு நேர்ந்துகொண்டார். பிறை வந்தது. கீழைக்கரையின் இந்த முனை, அந்த முனை, எருமை கழுவும் துறை என்று எங்கே நின்று பார்த்தாலும், ராஜகிரிக்கு மேலிருந்த அந்த மெல்லிய பிறைகூடத் தண்ணீரில் பளிச்சென்று தெரிந்தது. நேமி ஐயா சின்னப் பிள்ளைபோல் கரையில் ஓடினார்.

கூட்டத்தன்று அண்ணனை ஆட்டோவில் கொண்டுவந்து எதிர்க்கடை நிழலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். சாட்சி உள்ளே வரக் கூடாது அல்லவா? அவரிடம் தாள் கொடுத்தோம். வரைந்து தந்தார். இரண்டு படங்களையும் மேசைமேல் சேர்த்து வைத்தோம்: அதே இரண்டு மலைகள், அதே வட்டங்கள், அதே கோடு. நான் எழுந்து வாதாடினேன். வெள்ளிக்கிரகம் என்றேன், விமானம் என்றேன், பந்து மின்னல் என்றேன், கார்த்திகை தீபம் என்றேன், இருவரும் ஒரே வதந்தியைக் கேட்டிருக்கலாம் என்றேன். எனக்குத் தெரிந்த இயற்பியல் அத்தனையையும் கொட்டினேன். பாசத்துக்காக ஒரு கேள்வியைக்கூட விடவில்லை. விட்டிருந்தால் அந்த முடிவுக்கு அவரிடம் மதிப்பே இருந்திருக்காது. ஒவ்வொன்றும் மலையிலோ தண்ணீரிலோ முட்டி விழுந்தது.

தெருவைக் கடந்து அண்ணனிடம் போனேன். விதிப்படி நின்றுகொண்டே சொன்னேன்: இரண்டு சாட்சிகள், விசாரணை முடிந்தது, விளங்கவில்லை. எங்கள் மன்றத்தில் எந்தக் கேஸுக்கும் கிடைக்காத முடிவு அது. அவர் என் முகத்தையே பார்த்தார்.

“இன்னா டீச்சர், வுட்டுக் குடுத்துட்டியா?”

“வுட்டுக் குடுக்கல அண்ணா. தோத்துட்டேன்.”

அண்ணன் சிரித்தார். கண்ணில் நீர் வழிய, நாற்காலி ஆட ஆடச் சிரித்தார். பிறகு விதி நினைவுக்கு வந்து, சிரித்ததற்காகத் தன் செலவில் எல்லாருக்கும் போண்டா வாங்கச் சொன்னார். பொழுது சாய்ந்துவிட்டதால் நேமி ஐயாவால் மட்டும் சாப்பிட முடியவில்லை. அன்று விசாரணைக்காக அழைத்து வந்திருந்த தேவகி அம்மாள் அண்ணனின் பக்கத்தில் உட்கார்ந்து கதை முழுவதையும் கேட்டார், தன்னுடையதையும் சொன்னார். அடுத்த பிறை வருவதற்குள் அண்ணன் அமைதியாகப் போய்விட்டார்.

இறுதிவரை உடனிருந்த அண்ணிக்கும், டயாலிசிஸ் நாட்களில் கைத்தாங்கலாக அழைத்துச் சென்ற வேலுவுக்கும், நேமி ஐயாவுக்கும், தேவகி அம்மாளுக்கும், மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், துக்கத்தில் தோள்கொடுத்த தளவானூர், செஞ்சி மக்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மன்றம் ஞாயிற்றுக்கிழமைதோறும் அதே கடையில் நடக்கிறது. அந்த ஒளிக்கு விளக்கம் தெரிந்தவர்கள் தாராளமாக வாருங்கள். நான் இன்னும் எதிர்க்கட்சிதான், தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். எதையாவது பார்த்துவிட்டு யாரிடமும் சொல்ல முடியாமல் இருப்பவர்களும் வாருங்கள். டீ தருவோம். முழுக் கதையையும் கேட்போம்.