நீலக்கோட்டுக்குக் கீழே ஏழு பேர்

ராக்காயிக்கு வயது இருபத்தாறு, உயரம் நாலடி ஒன்பது அங்குலம். வயது அவளுக்குத் தெரியும். உயரம் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கொடைக்கானல் டவுன் கிரவுண்டில், இருபது பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க அதையும் தெரிந்துகொண்டாள்.

பெண்கள் ஹாக்கி கிளப்புக்குப் புதிதாக வந்த கோச் சண்முகராஜ், கோல் கம்பத்தில் நீலப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டிருந்தார். தரையிலிருந்து ஐந்தடி மூன்று அங்குலம். ஒவ்வொருத்தியாக வந்து கம்பத்தில் முதுகை ஒட்டி நிற்க வேண்டும். தலை கோட்டைத் தொட்டால் வலது பக்கம், தொடாவிட்டால் இடது பக்கம். மண்டியில் கேரட்டைப் பெரிசு சிறிசு என்று பிரித்துக் கொட்டுவார்களே, அதே மாதிரி. மனிதருக்கு அளவெடுப்பது தையல்காரனும் பாடை கட்டுகிறவனும் செய்கிற வேலை. சண்முகராஜ் இரண்டும் இல்லை. ஆனாலும் எடுத்தார்.

ராக்காயி போய் நின்றாள். அவள் உச்சந்தலைக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைய இடம் காலியாகக் கிடந்தது.

"லெஃப்ட்ல போம்மா."

"சார், நான் அஞ்சு வருசமா இந்த கிளப்புக்கு ஃபார்வேர்டு ஆடுறேங்க."

"தெரியும்மா. போன வருசம் திண்டுக்கல்ல ஆறு கோல் வாங்குனதும் தெரியும். அந்த டீம்ல ஒவ்வொருத்தியும் பீரோ கணக்கா இருந்தா. அவ இடிச்சா நீங்க விழுறீங்க. விழுந்து கெடக்கிறவ எப்படி ஆடுவா? எனக்கு நிக்கிற ஆளு வேணும்."

அவர் சொன்னது பொய்யில்லை. அந்த ஆட்டத்தில்தான் ராக்காயியின் ஊர்க்காரி நதியாவுக்குத் தோள்பட்டை எலும்பில் விரிசல் விட்டது. ஆறு கோலும் உண்மை. ஆனால் அந்த ஆறில் நான்கு கோல், பந்து கிடைத்ததும் கண்ணை மூடிக்கொண்டு தூரமாக அடித்து எதிராளிக்கே தானம் செய்ததால் வந்தவை. அப்படி அடித்தவர்கள் எல்லாரும் இப்போது கம்பத்துக்கு வலது பக்கம் நின்றார்கள். இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஆட்டத்தைப் பார்க்காமல் கோல் எண்ணிக்கையை மட்டும் கேட்டுவிட்டு வந்தவருக்கு அது எப்படித் தெரியும்?

"அப்ப நாங்க என்ன செய்யிறதுங்க?"

"வாங்க. தண்ணி பாட்டில் குடுங்க, வெளிய போற பந்த எடுத்துப் போடுங்க. டீம்னா எல்லா சோலிக்கும் ஆளு வேணும்ல?"

வலது பக்கம் நின்ற ஷர்மிளா தலையைக் குனிந்துகொண்டாள். வில்பட்டிக்காரி. டவுனில் ஒரு லாட்ஜில் ரூம் சுத்தம் செய்கிறாள். ஐந்தடி எட்டு அங்குலம். ஐந்து வருடமாக ராக்காயியும் அவளும் ஒரே டிபன் டப்பாவில் தின்றவர்கள்.

ராக்காயி இடது பக்கம் போகவில்லை. கம்பத்தடியிலேயே நின்றாள்.

"சார், ஒரு மேட்ச் வைங்க. உங்க கோட்டுக்கு மேல உள்ளவங்க ஏழு பேரு. எங்க பூண்டியில இருந்து என்னயச் சேத்து ஏழு பேரக் கூட்டியாறேன். ஒருத்தி தலையும் இந்தக் கோட்டத் தொடாது. நாங்க தோத்தா என் ஸ்டிக்க வெந்நி அடுப்புல வச்சிருறேன். இந்தப் பக்கமே வரமாட்டேன். ஜெயிச்சா, திண்டுக்கல்லுக்குப் போற டீம ஆட்டத்தப் பாத்து எடுக்கணும். கம்பத்தப் பாத்து இல்ல."

சண்முகராஜ் சிரித்தார். "சரிம்மா. வர்ற ஞாயித்துக்கிழமை. அடிபட்டா என்னயச் சொல்லக்கூடாது."

"அடி எங்களுக்குப் புதுசாங்க? வெள்ளனே வந்துருங்க."

*

ராக்காயி வாய்க்காரி என்று பூண்டியில் எல்லாருக்கும் தெரியும். அவளைப் பெண் பார்க்க வந்த அன்று, "பாடத் தெரியுமா?" என்று கேட்ட மாமியாரிடம், "பந்து ஆடத் தெரியும், ஞாயித்துக்கிழமை மட்டும் என்னய எந்தச் சோலிக்கும் கூப்புடக்கூடாது" என்று காபித் தட்டோடு நின்றபடியே சொன்னவள். மாமியார் எழுந்துவிட்டாள். மாப்பிள்ளை கோகுல்ராஜ் எழவில்லை. அவன் கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மண்டிக்கு பிக்கப் ஓட்டுகிறவன். கொண்டை ஊசி வளைவில் எதிர்வண்டிக்கு வழிவிடாமல் ஹார்ன் அடிக்கிற ஆட்களைப் பார்த்துப் பழகியவனுக்கு இவள் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

பூண்டிக்கு ஹாக்கி வந்தது டவுன் போர்டிங் பள்ளிக்கூடம் ஒன்று கழித்துக்கட்டிய பழைய ஸ்டிக்குகளால்தான். ஒன்பது ஸ்டிக், ஒரு பந்து. கிரவுண்டு கிடையாது. மலையில் ஏது சமதளம்? கேரட் பிடுங்கி முடிந்து பூண்டு ஊன்றும்வரை சும்மா கிடக்கும் ஒரு நீள அடுக்குக் காட்டில் ஆடினார்கள். அந்தக் காடும் ஒரு பக்கம் சரிவு. சரிவின் விளிம்பு தாண்டினால் கீழே முள்ளுப்புதர், அதற்கும் கீழே ஓடை. பந்து அங்கே போனால் இறங்கி எடுத்து ஏறிவர அரை மணி நேரம். வரும்போது காலில் நாலு அட்டை இரத்தம் குடித்துக்கொண்டிருக்கும். யார் தொட்டுப் பந்து போனதோ அவள்தான் இறங்க வேண்டும்.

அதனால் பூண்டியில் யாரும் பந்தை ஓங்கி அடிக்கமாட்டார்கள். ஸ்டிக்கோடு ஒட்டவைத்து உருட்டுவார்கள். பக்கத்தில் இருப்பவளுக்குத் தள்ளிவிடுவார்கள். பந்து விளிம்புக்கு ஓடினால், எவள் தொட்டது என்றெல்லாம் பார்ப்பதில்லை. கிட்டத்தில் இருப்பவள் விழுந்தாவது நிறுத்துவாள். பத்து வருடம் அப்படி ஆடினால் அது பழக்கமா, கண் இமைப்பதா என்றே தெரியாமல் போகும்.

அந்த வாரம் பகலெல்லாம் பூண்டு தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை. சாயங்காலம் ராக்காயி ஆள் சேர்த்தாள். தோள் சரியான நதியா முதல் ஆளாக வந்தாள். "அந்தப் பீரோக்காரிய நெனச்சா இன்னும் தோளு வலிக்கிது. நான் வராம?" என்றாள். கோல் காக்க முப்பத்தெட்டு வயது முருகம்மாள். இரண்டு பிள்ளை பெற்றவள். பிக்கப்பிலிருந்து தூக்கிப் போடுகிற மூட்டையைக் கீழே நின்று வாங்குகிற கை அவளுக்கு. மற்ற நாலு பேரும் கொட்டகைக்காரிகள்தான்.

சனிக்கிழமை கோகுல்ராஜ் கேட்டான். "தோத்தா நெசமாவே அடுப்புல வச்சிருவியா?"

"வச்சிருவேன்."

"அந்த ஸ்டிக்குல வெந்நிகூடக் காயாதுடி. பாதி டேப்புதான் இருக்கு."

"அப்ப உன் லுங்கியச் சேத்துப் போட்டு எரிக்கிறேன். நாளைக்கி வண்டியக் கழுவி வையி. ஏழு பேரு வாரோம்."

அவன் கழுவிவைத்தான்.

*

ஏழு பேரும் வண்டியிலிருந்து குதித்ததும் டவுன் பெண் ஒருத்தி மூக்கைப் பொத்தினாள். "ஐயே, பூண்டு வாசம்!"

"பக்கத்துல வராத, ஒட்டிக்கிரும்," என்றாள் முருகம்மாள். "அப்படியே தள்ளி நின்னு ஆடு. எங்களுக்குச் சௌகரியம்."

பாதிக்கு இருபது நிமிடம், இரண்டு பாதி. பார்க்க முப்பது நாற்பது பேர் கூடிவிட்டார்கள். சண்முகராஜ்தான் விசில். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு தப்பு விசில்கூட அவர் ஊதவில்லை.

முதல் ஐந்து நிமிடத்திலேயே ராக்காயி மூன்று முறை விழுந்தாள். அதில் ஒன்று ஷர்மிளா இடித்தது. ஷர்மிளா குனிந்து, "ஏய் புள்ள, பட்டுருச்சா?" என்று கேட்டாள்.

"ஆடுறப்ப பாசம் காட்டாதடி. பந்து அங்க போகுது பாரு."

சமதளத்தில் பூண்டிக்காரிகளின் உருட்டல் நன்றாகத்தான் இருந்தது. பந்து இவள் ஸ்டிக்கிலிருந்து அவள் ஸ்டிக்குக்குப் போவது தெரியாமல் டவுன்காரிகள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஆனால் கூத்து வேறொரு இடத்தில் நடந்தது. டவுன்காரி ஒருத்தி தொட்ட பந்து ஓரக்கோட்டுக்கு வெளியே ஓடியது. விட்டால் அது பூண்டிக்குத்தான் வரும். சட்டப்படி அவர்கள் பந்து. ஆனால் நதியாவும் இன்னொருத்தியும் பாய்ந்து விழுந்து அதைக் கோட்டுக்குள்ளேயே நிறுத்தினார்கள். எழுவதற்குள் டவுன்காரி வந்து பொறுக்கிக்கொண்டு போனாள்.

கூட்டம் சிரித்தது. "ஏம்மா, விடுங்கம்மா! அது ஒங்களுக்கு வர்ற பந்துதான்!"

இரண்டாவது முறையும் அதே. மூன்றாவது முறை அப்படிப் பறிகொடுத்த பந்துதான் நேராகப் போய் முருகம்மாளின் காலிடுக்கில் நுழைந்து கோலானது. ஒன்று பூஜ்யம்.

இடைவேளையில் நதியா அழுகிற மாதிரி இருந்தாள். "விட்டுறணும்னு மனசுல நெனைக்கிறேன்க்கா. காலு கேக்கமாட்டேங்குது. அட்டை கடிச்ச காலு."

"விடாத," என்றாள் ராக்காயி.

"சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டும். இத்தன வருசம் புடிச்ச காலு, இருவது நிமிசத்துல வேற காலா மாறுமா? விடணுமா வேணாமான்னு நின்னு யோசிச்சேன்னா ரெண்டுங்கெட்டானாப் போயிரும். எல்லாத்தையும் புடி. ஆனா விழுந்தா வெரசா எந்திரி. கெடந்துக்கிட்டே இருக்காத. அந்தாளு அதத்தான் சொல்லிக் காட்டுறாரு."

இரண்டாம் பாதியில் விழுந்தவர்கள் விழுந்த வேகத்தில் எழுந்தார்கள். டவுன்காரிகளுக்கு மூச்சு வாங்கியது. ஓங்கி அடித்து, அடித்த பந்துக்குப் பின்னால் ஓடி, மறுபடி ஓங்கி அடித்து ஆடுகிற ஆட்டம் அரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. எட்டாவது நிமிடம் நதியா இரண்டு பேருக்கு நடுவே பந்தைத் தள்ள, ராக்காயி அதைக் கோலில் உருட்டினாள். ஒன்றுக்கு ஒன்று.

அப்புறம் வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஷர்மிளா பின்னால் நின்று வந்ததையெல்லாம் மறித்தாள். அவளைத் தாண்ட ஒருத்தியாலும் முடியவில்லை. மூடுபனி இறங்கி அந்தப் பக்கத்து கோல் மங்கலாகத் தெரிந்தது.

மூன்று நிமிடம் இருக்கும்போது நதியா தள்ளிய பந்து கொஞ்சம் வேகமாகிவிட்டது. கோலுக்குப் பக்கவாட்டில், பின்கோட்டை நோக்கி ஓடியது. தொட்டவள் பூண்டிக்காரி. வெளியே போனால் டவுனுக்குப் பந்து. ஷர்மிளா நின்றுவிட்டாள். இன்னொருத்தி கையைத் தூக்கி, "எங்க பால்!" என்றாள். கோல் காப்பவள் குனிந்து கால் பேடின் வாரை இழுத்துவிட்டாள். தப்பில்லை. விளையாட்டுத் தெரிந்த யாரும் அப்படித்தான் செய்வார்கள்.

ராக்காயிக்கு அது தெரியவில்லை. அவள் கண்ணுக்குக் கோட்டுக்கு அந்தப் பக்கம் புதரும் ஓடையும்தான். ஓடினாள். எட்டாதென்று தெரிந்ததும் மண்ணில் சறுக்கிக்கொண்டே ஒற்றைக் கையால் ஸ்டிக்கை நீட்டினாள். பந்து கோட்டின் மேல் நின்றது. சுண்ணாம்பில் பாதி, மண்ணில் பாதி. எழுந்தாள். கோட்டு ஓரமாகவே உருட்டிக்கொண்டு வந்து, கம்பத்துக்கும் குனிந்திருந்தவளின் பேடுக்கும் நடுவே தள்ளினாள்.

பந்து கோலுக்குள் இருந்த பலகையில் பட்ட சத்தம் கேட்டுத்தான் கோல் காப்பவள் நிமிர்ந்தாள்.

"சார், வெளிய சார்!" என்று நாலு பேர் கத்தினார்கள். சண்முகராஜ் சுண்ணாம்புக் கோட்டருகே போய்க் குனிந்து பார்த்தார். சறுக்கிய தடம் கோட்டுக்கு உள்ளேயே முடிந்திருந்தது. கோல் என்று ஊதினார்.

மீதி இரண்டு நிமிடம் ராக்காயிக்கு இருபது நிமிடமாக இருந்தது. டவுன்காரிகள் மொத்தமாக ஏறி வந்தார்கள். முருகம்மாள் இரண்டை மார்பில் வாங்கினாள். விசில் ஊதியது.

*

ராக்காயியின் முழங்காலில் தோல் வழன்று இரத்தம் வடிந்தது. அதைத் துடைக்காமல் கோச் முன்னால் போய் நின்றாள். நதியா கம்பத்தைக் காட்டி, "அந்தக் கோட்ட அழிங்க சார்," என்றாள்.

"அது ஆயில் பெயின்ட்மா. லேசுல போகாது."

"கெடக்கட்டும்," என்றாள் ராக்காயி. "டீமச் சொல்லுங்க சார்."

சண்முகராஜ் தொண்டையைச் செருமினார். "நீ வா. நதியா வரட்டும். அந்தக் கோல்கீப்பரும். ஆனா இன்னிக்கி ஜெயிச்சதால ஒசரமான ஆளே வேணாம்னு நெனச்சுக்காத."

"நான் எப்பங்க வேணாம்னேன்? ஷர்மிளா பின்னாடி நிக்கலைன்னா திண்டுக்கல்ல பன்னெண்டு கோல் வாங்குவோம். அவளத் தாண்ட எங்களால ஒருதடவ முடிஞ்சுதா? கடைசிப் பந்த அவ விட்டுட்டு நின்னதாலதான நான் போனேன். அவள மொதல்ல எழுதுங்க. ஒசரத்துக்காக இல்ல, மறிக்கிறதுக்காக. அப்புறம் ஓங்கி அடிக்கிறதத் தவிர ஒண்ணும் தெரியாத ரெண்டு பேரு ஒங்ககிட்ட இருக்காங்க. அவங்ககிட்ட அந்தப் பாட்டிலக் குடுங்க."

"ஏய்!" என்றாள் அந்த இரண்டில் ஒருத்தி. தன்னைத்தான் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

ஷர்மிளா வந்து ராக்காயியின் முழங்காலில் தன் துண்டைச் சுற்றிக் கட்டினாள். "வெளிய போற பந்த எவடி புடிப்பா? லூசு."

"வெளிய போகலைல்ல."

திண்டுக்கல்லுக்குப் பதினாறு பேர் போனார்கள். ஏழு பேர் கோட்டுக்குக் கீழே, ஒன்பது பேர் மேலே. கப்பு வந்ததா என்றால், வரவில்லை. இரண்டு ஆட்டம் ஜெயித்து மூன்றாவதில் அந்தப் பீரோக்காரிகளிடமே ஒரு கோலில் தோற்றார்கள். போன வருடம் ஆறு, இந்த வருடம் ஒன்று. அந்த ஆட்டத்திலும் ராக்காயி தங்களுக்கு வரவேண்டிய இரண்டு பந்தை விழுந்து பிடித்துத் தொலைத்தாள். அங்கேயும் சிரித்தார்கள்.

நீலக்கோடு இன்னும் கம்பத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு வந்ததும் ராக்காயி ஸ்டிக்கைத் தூக்கி அந்தக் கோட்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவாள். இரும்புக் கம்பம், சத்தம் கிரவுண்டின் மறுகோடி வரை கேட்கும். அதைக் கேட்டதும் சண்முகராஜ் விசிலை எடுத்துக்கொண்டு பயிற்சியைத் தொடங்க வருவார்.